கழுவி வைத்த டப்பாக்கள்

அடுத்தவர் பையைத் திறந்து பார்ப்பதுதான் கசில்தாவின் பிழைப்பு. திருடியைப் பற்றிச் சொல்ல வருகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். சினிமா தியேட்டர் வாசலில் நின்றுகொண்டு, உள்ளே போகிறவர்கள் வீட்டுச் சாப்பாட்டை ஒளித்துக் கொண்டுபோகிறார்களா என்று பார்க்கிற வேலை அது. தெற்கு ஸ்பெயினில் இருக்கிற எங்கள் லினாரெஸ் ஊருக்கு வெளியே, ஒலிவத் தோப்பு தொடங்குகிற இடத்தில் ஒரு மால் கட்டியிருக்கிறார்கள். அதன் மாடியில் அந்தத் தியேட்டர்.

கசில்தா என் கீழ்வீட்டுக்காரி. என் குளியலறைக் குழாய் ஒழுகினால் அவள் கூரையில் சொட்டும். அவள் பூண்டு வதக்கினால் நான் உலர்த்திய துணி நாறும். இப்படித்தான் எங்கள் சிநேகம் வளர்ந்தது. முதலில் சண்டை, பிறகு காபி.

கார் தொழிற்சாலையை மூடியபோது ஊரில் பாதி ஆம்பிளைகள் வீட்டு சோபாவில் வந்து விழுந்தார்கள். அவள் புருஷன் ஃபெர்மீனும் விழுந்தான். மற்றவர்கள் எப்படியோ எழுந்து வேறு வேலைக்குப் போனார்கள். இவன் எழுந்திருக்கவில்லை. முதுகு வலி என்றான், பிறகு மனசு வலி என்றான். கசில்தா தியேட்டரில் டிக்கெட் கிழிக்கப் போனாள். அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததே அந்தச் சம்பளத்தில்தான்.

சில வருஷம் டிக்கெட் மட்டும் கிழித்தாள். அப்புறம் தியேட்டர் கை மாறியது. பெலாயோ என்று ஒரு புது மேனேஜர் வந்தான். கூர்மூக்கு ஷூ, எப்போதும் சிரித்த முகம், இடுப்பில் கொத்துச் சாவி. சோளப்பொரியில்தான் லாபம், படத்தில் இல்லை என்பது அவன் வேதம். "வெளி உணவுக்கு அனுமதி இல்லை" என்று பலகை வைத்தான். பையைத் திறந்து பார் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. கசில்தாவைக் கூப்பிட்டு ஒரு காபி வாங்கிக் கொடுத்தான்.

"கொஞ்சம் கண்ணு வச்சுக்குங்க கசில்தா. ஒரு குடும்பத்தலைவிக்கு நான் சொல்லித் தரணுமா?"

அவ்வளவுதான் அவன் சொன்னது. அதற்குப் பிறகு அவன் பொரிக் கவுண்டரில் சாய்ந்து நிற்பான். வரிசையில் யார் பையாவது புடைத்திருந்தால் இடுப்புச் சாவியை இரண்டு தரம் ஆட்டுவான். அவள் அந்தப் பையைத் திறக்கச் சொல்வாள். "நாய்க்கு விசில் அடிக்கிற மாதிரி" என்று என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். அப்போது இரண்டு பேருமே சிரித்தோம்.

எங்கள் ஊர்க்காரர்கள் லேசுப்பட்டவர்களா? நீள ரொட்டியைக் குடைக்குள் சொருகிக்கொண்டு வந்தவன் உண்டு. குழந்தை வண்டியில் குழந்தைக்கு அடியில் தொத்திறைச்சி வைத்தவள் உண்டு. சூரியகாந்தி விதையைக் கோட்டின் உள் துணிக்குள் கொட்டித் தைத்துக்கொண்டு வந்தாள் ஒரு புண்ணியவதி. நான் மட்டும் யோக்கியமா? ஒருநாள் முட்டையும் உருளைக்கிழங்கும் வைத்த ரொட்டியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனேன்.

"ஹெர்மீனியா, நெஞ்சுல என்னடி?"

"நெஞ்சுதான். உனக்கு இல்லாததால அடையாளம் தெரியல."

"உன் நெஞ்சுல வெங்காய வாசனை வருது. எடு வெளிய."

"நான் உன் மேல்வீட்டுக்காரிடி!"

"அதனாலதான் மரியாதையா கேக்கறேன். இல்லேன்னா கையை விட்டிருப்பேன்."

வரிசையே சிரித்தது. பின்னால் நின்ற யாரோ, "சுங்கத்துல மாட்டிக்கிச்சு சரக்கு!" என்றான். அன்றிலிருந்து அவளுக்குச் சுங்கக்காரி என்று பெயர். விளையாட்டாக ஆரம்பித்தது, நாளாக நாளாக முள்ளாகிவிட்டது. ரொட்டிக் கடை வரிசையில் அவள் வந்து நின்றால் எதிர்வீட்டு ரம்போனா, "பையை மூடுங்கடி, சுங்கம் வருது" என்பாள்.

"மூடு மூடு. உன் பையில இருக்கறதை உன் மாமியார் வீட்டு நாயே மோந்து பாக்காது" என்று கசில்தாவும் திருப்பிக் கொடுப்பாள். ஆனால் ரொட்டியை வாங்கிக்கொண்டு முன்போல அங்கே நின்று பேசுவதை விட்டுவிட்டாள். ஞானஸ்நானத்துக்கும் கல்யாணத்துக்கும் அழைப்பு குறைந்தது. சோளப்பொரி விலையை ஏற்றின கம்பெனி முதலாளியை யாரும் திட்டவில்லை. அவன் தலைநகர் மத்ரீத்தில் இருந்தான். திட்டக் கைக்கெட்டின தூரத்தில் நின்றவள் இவள்.

ஞாயிற்றுக்கிழமை கூத்து தனி. எங்கள் பக்கம் கல்யாணமாகித் தலை நரைத்தவன்கூட ஞாயிறு மத்தியானம் அம்மா வீட்டில்தான் சாப்பிடுவான். கிளம்பும்போது அம்மா ஒரு டப்பா கொடுக்காமல் விடமாட்டாள். பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் பருப்பு, வெண்ணெய் டப்பாவில் மாமிசம் அடைத்த குடமிளகாய். அதைத் தூக்கிக்கொண்டு நேராக மாலை ஆட்டத்துக்கு வந்துவிடுவார்கள். தியேட்டரில் தின்பதற்கு இல்லை, வாரம் பூரா வீட்டில் தின்பதற்கு. ஆனால் சட்டம் சட்டம்தானே? கசில்தா டப்பாவை வாங்கி, காகித டேப்பில் பெயர் எழுதி ஒட்டி, மேஜைக்கு அடியில் அடுக்கி வைப்பாள். படம் முடிந்து வாங்கிக்கொண்டு போவார்கள். சிலர் மறந்துவிடுவார்கள். காதலியோடு வந்தவனுக்கு அம்மாவின் பருப்பு எங்கே ஞாபகம் இருக்கும்?

மறந்துபோனதையெல்லாம் கறுப்புக் கவரில் போட்டு எறியச் சொன்னான் பெலாயோ. எங்கள் வீடுகளில் ரொட்டித் துண்டு கீழே விழுந்தால் எடுத்து முத்தமிட்டுவிட்டுத்தான் வைப்போம். இவளை எறியச் சொன்னால் எறிவாளா?

"ஒருத்தி அடுப்பு முன்னாடி நின்னு வெந்து செஞ்சது. கவர்ல போடுன்றான். இவனை இவன் அம்மா எதைப் போட்டு வளர்த்தா?" என்பாள்.

எறிவதாகத் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவாள். ஃபெர்மீன் தின்பான். நானும் தின்றிருக்கிறேன். யாரோ ஒருத்தி செய்த குடமிளகாய் என்னுடையதைவிட நன்றாக இருந்தது. எரிச்சலாக வந்தது. தின்று முடித்ததும் கசில்தா டப்பாவைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, பெயர் ஒட்டிய டேப்பு கிழியாமல் திரும்பத் தியேட்டருக்கே எடுத்துப் போய்த் தன் அலமாரியில் வைப்பாள். கேட்டு வருகிறவனிடம், "கெட்டுப்போச்சு தம்பி, கொட்டிட்டேன். டப்பா இந்தா" என்று கொடுப்பாள்.

"ஏண்டி, தின்னதோட டப்பாவையும் தூக்கி எறிய வேண்டியதுதானே?" என்று கேட்டேன்.

"டப்பா அவன் அம்மாவோடது. அது போகலேன்னா அடுத்த ஞாயிறு அவனுக்குத்தான் பூசை."

இது நடந்துகொண்டிருந்த காலத்தில் யாரோ ஒரு மகானுபாவன் முழுக் கோழியை உள்ளே கொண்டுபோய்விட்டான். அடுப்பில் சுட்ட கோழி. கால் மணி நேரத்தில் அரங்கம் முழுக்க வாசனை. இருக்கையில் கொழுப்பு. பெலாயோ சிரித்துக்கொண்டே அவளிடம் சொன்னான்: "இன்னொரு கோழி உள்ள போனா, நீங்க வெளிய போயிருவீங்க கசில்தா. எனக்கு மேலயும் ஆள் இருக்கு பாருங்க." அவளுக்கு வயது ஐம்பத்தெட்டு. அந்த வயதுக்காரிக்கு லினாரெஸில் இன்னொரு வேலை யார் வைத்திருக்கிறார்கள்? அன்றிலிருந்து சாவிச் சத்தம் கேட்டால் அவளுக்குக் கை தானாக நீண்டது.

அடுத்து நடந்தபோது நான் அங்கே இல்லை. ஆனால் அவள் சொன்னதையும் கேட்டேன், அந்த ஆள் சொன்னதையும் கேட்டேன். இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

லியாந்த்ரோ என்று ஒருவர். பத்திரப்பதிவு ஆபீஸில் குமாஸ்தா, கல்யாணம் ஆகாதவர், ஞாயிற்றுக்கிழமையும் டை கட்டுகிற மனிதர். அவர் அம்மா ஒப்துலியா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இரவு பகலாகப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த மனிதரை ஒரு நர்ஸ், போய் வெளிக்காற்று வாங்கிவிட்டு வாருங்கள் என்று துரத்தியிருக்கிறாள். எங்கே போவது என்று தெரியாமல் சினிமாவுக்கு வந்திருக்கிறார். கையில் ஒரு பெரிய துணிப்பை, ஜிப் வைத்தது.

"பையைக் கொஞ்சம் திறங்க சார்."

"எதுக்கும்மா?"

"வெளிச் சாப்பாடு கொண்டுபோகக் கூடாது."

"சாப்பாடு இருக்கு, நானே சொல்லிடறேன். ஒரு டப்பா. உள்ள தொடமாட்டேன். ஆனா பையைத் திறக்க மாட்டேன்."

"திறந்தாத்தானே சார் டப்பாவை வாங்கி வைக்க முடியும்?"

"நீங்க போலீஸா? இல்ல, லைசன்ஸ் வாங்கின காவலாளியா? அட்டை இருந்தா காட்டுங்க."

"அட்டை எல்லாம் இல்ல சார். நான் வாசல்ல நிக்கறவ."

பின்னால் வரிசை பொறுமை இழந்தது. "படம் ஆரம்பிச்சிடும்யா, திறந்து காட்டேன்!" என்றான் ஒருவன். "பேங்கு கொள்ளையடிச்சிட்டு நேரா வந்துட்டாரு" என்றாள் ஒருத்தி. "கோழியா இருக்கும்!" என்றது மூன்றாவது குரல்.

பொரிக் கவுண்டர் பக்கத்தில் சாவி இரண்டு தரம் ஆடியது.

கசில்தா கையை நீட்டி ஜிப்பை இழுத்தாள்.

மேலாக இருந்தது ஒரு கிழவியின் இரவு உடை. துவைக்க எடுத்துப்போகிற உடை. ஆஸ்பத்திரியில் கிடக்கிற உடம்பு என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். நான் சொல்ல வேண்டியதில்லை. அது பாதி வெளியே வந்து விழுந்தது. ஊரே பார்த்தது. யாரோ ஒரு பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். லியாந்த்ரோ அதை எடுத்து, இஸ்திரி போட்ட துணியைப் போல நிதானமாக மடித்து உள்ளே வைத்தார். டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தார். திரும்பிப் போய்விட்டார்.

"சார், சார்!" என்று கசில்தா இரண்டடி எடுத்து வைத்தாள்.

"வரிசை நிக்குது கசில்தா" என்றான் பெலாயோ.

டப்பாவில் இருந்தது குரோக்கெத்தா. குழம்பில் வெந்த மிச்ச இறைச்சியைப் பால் மாவில் பிசைந்து உருட்டிப் பொரிப்பது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கைப்பக்குவம் உண்டு. ஒப்துலியா கீழே விழுந்து இடுப்பு உடைவதற்கு முந்தின நாள் உருட்டி ஐஸ்பெட்டியில் வைத்தது. மகன் அன்று பொரித்து எடுத்து வந்திருக்கிறார், அம்மா ஒரு வாயாவது தின்பாளா என்று. அவள் தின்னவில்லை.

அவர் டப்பாவைக் கேட்டு வரவில்லை. கசில்தா வழக்கம்போல வீட்டுக்குக் கொண்டுவந்தாள். திருப்பித் தரலாம் என்றுதான் கொண்டுவந்தாள். அவள் கோட்டைக் கழற்றி மாட்டுவதற்குள் ஃபெர்மீன் தின்று முடித்துவிட்டான்.

"உப்பு கம்மி" என்றானாம்.

அவள் டப்பாவைக் கழுவினாள். அந்த வாரமே ஒப்துலியாவின் சாவு அறிவிப்பு, மகன் பெயரோடு, சர்ச் கதவில் ஒட்டியிருந்தது. கசில்தா அடக்கத்துக்குப் போகவில்லை. எந்த மூஞ்சியோடு போவாள்? அறிவிப்பில் இருந்த கிழவியின் பெயரை எழுதி ஒட்டி, கழுவின டப்பாவை அலமாரியில் மற்றவற்றோடு வைத்தாள்.

லியாந்த்ரோ புகார் கொடுத்தார். நுகர்வோர் அலுவலகத்துக்கு எழுதிப் போட்டார், அவர் எழுதினால் ஓட்டை இருக்குமா? பையைச் சோதிக்க லைசன்ஸ் இல்லாத ஆளை நிறுத்தியது தப்பு, படம் காட்டுகிற கடை வீட்டுச் சாப்பாட்டைத் தடுப்பதும் தப்பு என்று அவர்களும் தீர்ப்புச் சொன்னார்கள். கம்பெனிக்கு அபராதம் விழுந்தது. பத்திரிகையில் வந்தது. ரொட்டிக் கடையில் ரம்போனா பத்திரிகையை உயர்த்திப் பிடித்துப் படித்தாள். எல்லாரும் கைதட்டினார்கள். நானும்தான் தட்டினேன். பின்னே? என் ரொட்டியை நான் தின்ன யாரைக் கேட்க வேண்டும்?

மறுவாரம் மத்ரீத்திலிருந்து கம்பெனி ஆள் ஒருத்தி வந்தாள். வேலைக்காரர்களின் அலமாரிகளைத் திறக்கச் சொன்னாள். கசில்தாவின் அலமாரியில் வரிசையாக டப்பாக்கள். பளபளவென்று கழுவி, ஒவ்வொன்றிலும் யாருடையது என்று அவள் கையெழுத்திலேயே பெயர் ஒட்டி.

"இதுல இருந்த சாப்பாடெல்லாம் எங்க?"

"சாப்பிட்டாச்சு."

"எறியணும்னு உத்தரவு இல்லையா?"

"எறியற சாப்பாடு இல்லீங்க அது."

உண்மையைச் சொல்லிவிட்டாள் கழுதை. அந்த டப்பாக்களைக் குப்பையில் போட்டிருந்தால் யாருக்கு என்ன தெரிந்திருக்கும்? வாடிக்கையாளர் உடைமையைத் திருடினாள், மேலிட உத்தரவு இல்லாமல் தானாகவே பைகளைச் சோதித்தாள் என்று இரண்டு காரணம் போட்டு, நஷ்ட ஈடு ஒன்றும் இல்லாமல் வெளியே அனுப்பினார்கள். அபராதம் கட்டின கம்பெனிக்குத் தப்பைச் சுமக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள் தானே டப்பாவைக் கழுவி, பெயரும் எழுதிக் கொடுத்திருந்தாள். பெலாயோ அப்போது தன் கூர்மூக்கு ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றானாம்.

லியாந்த்ரோவுக்கு விஷயம் தெரிந்து எங்கள் கட்டடத்துக்கு வந்தார். படியில் என்னிடம்தான் வழி கேட்டார். விடுவேனா? கூடவே போய்க் கசில்தாவின் சமையலறையில் உட்கார்ந்துகொண்டேன்.

"அம்மா, நான் கம்பெனி மேலதான் புகார் கொடுத்தேன். உங்க பேரைக்கூட எழுதலை."

"தெரியும் சார். நீங்க செஞ்சது சரி. நான் இழுத்திருக்கக் கூடாது அந்த ஜிப்பை." எழுந்துபோய் வாணலியை அடுப்பில் வைத்தாள்.

"கேஸ் போடுங்க. நான் வந்து சாட்சி சொல்றேன். நடந்ததை நடந்தபடி சொல்றேன்" என்றார் அவர்.

எனக்கு அந்த மனிதரைப் பிடித்துவிட்டது. அவர் கிளம்பும்போது கசில்தா ஒரு டப்பாவைக் கையில் கொடுத்தாள். கம்பெனிக்காரி போட்டோ எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருந்த டப்பா. மூடியில் 'ஒப்துலியா' என்று இருந்தது. உள்ளே சூடான குரோக்கெத்தா.

"உங்க அம்மா கைப்பக்குவம் வராது. இருந்தாலும் டப்பாவைக் காலியா தரக்கூடாது."

அவர் அதை வாங்கி மார்போடு பிடித்துக்கொண்டு படி இறங்கினார்.

தொழிற்சங்க வக்கீல் கேஸ் போட்டார். ஹயென் நகரத்து நீதிமன்றம். பஸ்ஸில் போனோம். கசில்தா நல்ல கோட்டைப் போட்டிருந்தாள். ஜெயித்தால் வேலை திரும்பும், இல்லையென்றால் நஷ்ட ஈடாவது கிடைக்கும். தோற்றால் திருடி என்ற பெயர் மட்டும் மிஞ்சும். டப்பா விஷயத்தில், பெயர் ஒட்டித் திருப்பிக் கொடுக்க வைத்தவள் திருடியா என்று நம் வக்கீல் கேட்டபோது நீதிபதி அம்மாள் லேசாகச் சிரித்தாள். நல்ல சகுனம் என்று நினைத்தேன். பை விஷயம்தான் மிச்சம். உத்தரவு இருந்ததா, இல்லையா?

லியாந்த்ரோ எழுந்து நின்றார். அதே டை. கம்பெனி வக்கீல் கேட்டான்.

"மேனேஜர் உங்க பையைத் திறக்கச் சொன்னாரா?"

"இல்லை."

"ஒரு வார்த்தையாவது பேசினாரா?"

"அப்போ பேசலை."

"ஜிப்பை இழுத்தது யார்?"

"இந்த அம்மா."

நம் வக்கீல் எழுந்தார். "மேனேஜர் சாவியை ஆட்டினாரா?"

"ஆட்டினார். கேட்டேன்."

"அது திறங்கன்னு சொல்ற சைகைதானே?"

லியாந்த்ரோ யோசித்தார். இந்த யோசிக்கிற மனிதர்களாலேயே குடி கெடும். வாயை மூடிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தது என் வாழ்க்கையில் அன்று ஒருநாள்தான்.

"அந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாததை நான் சொல்ல முடியாது" என்றார்.

தோற்றோம். உத்தரவில்லாமல் பையைத் திறந்தது ஒன்றே வேலையை எடுக்கப் போதும் என்று தீர்ப்பானது.

வெளியே படிக்கட்டில் அவரைப் பிடித்துக்கொண்டேன். "ஏன் சார், ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உங்க நாக்கு அழுகியா போயிருக்கும்?"

அவர் முகம் சுண்ணாம்பாக இருந்தது. "பொய் சேர்க்காம எழுதினதாலதாம்மா அன்னைக்கு நான் ஜெயிச்சேன்."

"நீங்க ஜெயிச்சீங்க. இவ?"

"விடுடி" என்றாள் கசில்தா. "அவர் சொன்னது நிஜம். அவன் வாயையே திறக்கலை. பையைத்தான் நான் திறந்தேன்." பிறகு அவரைப் பார்த்து, "பஸ்ஸுக்கு நேரமாச்சு சார், நீங்களும் வாங்க" என்றாள். அவர் வரவில்லை. அடுத்த பஸ்ஸில் வருவதாகச் சொல்லி அங்கேயே நின்றார்.

இப்போது தியேட்டரில் பழைய பலகை இல்லை. வாசலில் ஆளும் இல்லை, டிக்கெட்டை ஒரு யந்திரம் பார்க்கிறது. பெலாயோவைக் கிரனாதாவில் பெரிய தியேட்டருக்கு மாற்றிவிட்டார்கள். போன ஞாயிறு நானும் என் புருஷனும் பெரிய பை நிறைய ரொட்டியும் தொத்திறைச்சியும் கொண்டுபோனோம். ரம்போனா மூன்று வரிசைக்கு முன்னால் கோழிக்கால் கடித்துக்கொண்டிருந்தாள். எங்கள் உரிமையை நாங்கள் வயிறு முட்டத் தின்றோம்.

படம் முடிந்து மாலின் பின்வழியாக வந்தோம். கார் அந்தப் பக்கம் நிறுத்தியிருந்தது. கீழ்த்தளத்து சூப்பர்மார்க்கெட்டில் இப்போது தரை துடைக்கிறாள் கசில்தா. காண்ட்ராக்ட் வேலை, ஊர் வாயில் ஒட்டிக்கொண்ட திருடி என்ற பெயரோடு அதுதான் கிடைத்தது. வேலையாட்கள் வெளியே போகிற கதவில் ஒரு காவலாளி நிற்கிறான். அவள் அவனுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அவன் கேட்பதற்கு முன்பே பையைத் திறந்து பிடித்தாள். துணி, செருப்பு, ஒரு சாப்பாட்டு டப்பா.

"டப்பாவையும் திறங்க" என்றான்.

திறந்தாள். காலி. கழுவியிருந்தது.

எனக்கு வந்ததே கோபம். "இவனுக்கு என்னடி உரிமை? ஒரு புகார் எழுதிப் போட்டா..."

"சும்மா இரு ஹெர்மீனியா. பாரு அவன் சட்டையில" என்று மூடியை அழுத்தி மூடிக்கொண்டே சொன்னாள். "அவன்கிட்ட அட்டை இருக்கு."